கொட்டானுக்கு மணி உறை: மூன்றாவது தடவை சரியாக உட்கார்ந்தது

கொட்டான் என்னும் பனையோலைக் கூடைக்குக் குரோஷாவில் பின்னிய மூன்றாவது மணி உறை ஒரு சுருக்கம்கூட விழாமல் உட்கார்ந்துவிட்டது. முதல் உறை தொளதொளவென்று தொங்கியது. இரண்டாவது அளவில் சரியாக வந்தும் சாயம் ஏறிப் பாழானது. மூன்றுக்கும் சேர்த்து 20 கிராம் நூல் உருண்டை நான்கு தீர்ந்தது. எது எங்கே தவறியது, எந்த எண்ணிக்கையில் சரியானது என்று வரிசையாக எழுதி வைக்கிறேன். குரோஷா ஊசி பிடிக்கத் தெரிந்தவர்கள் இதைப் பார்த்து அப்படியே பின்னலாம்.

செட்டிநாட்டுப் பக்கம் விசேஷ வீட்டில் வெற்றிலை பாக்கும் பலகாரமும் வைத்துக் கொடுக்கும் பனையோலைக் கொட்டானுக்குப் பாசிமணியும் நூல்வேலையும் வைத்து அழகு பார்ப்பது பழைய பழக்கம். செட்டிநாடு கொட்டான் என்ற பெயருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. மணி வைத்த உறைதான் இப்போது அரிதாகிவிட்டது. ஓலைக்கும் பருத்தி நூலுக்கும் குணம் வேறு வேறு. ஓலை இம்மியும் நெகிழாது, நூல் நெகிழ்ந்துகொண்டே போகும். இதில் வரும் சிக்கல் அத்தனைக்கும் காரணம் இந்த வேறுபாடுதான்.

சாமானும் செலவும்

நூல்: மெர்சரைஸ் செய்த (பளபளப்பு ஏற்றிய) பருத்திக் குரோஷா நூல், 20-ஆம் நம்பர், சந்தன நிறம். ஊசி: 1.25 மி.மீ. ஸ்டீல் ஊசி. மணி: 8 நம்பர் கண்ணாடி மணி, மெரூனில் ஒரு பொட்டலம், பச்சையில் ஒரு பொட்டலம், பொட்டலம் 25 கிராம். இவை தவிர இஞ்சு டேப், நுனி மழுங்கிய தையல் ஊசி, சின்னக் குறடு, கொஞ்சம் ஃபெவிகால்.

காரைக்குடி கல்லுக்கட்டிப் பக்கத்து ஃபேன்சி கடைகளில் ஏறி இறங்கியதில் ஆன கணக்கு: நூல் உருண்டை 75 ரூபாய் வீதம் இரண்டு 150, மணி இரண்டு பொட்டலம் 90, கொட்டான் 220. மொத்தம் 460 ரூபாய். ஊசி புதிதாக வாங்கினால் இன்னொரு 60. ஒரு உறைக்கு 22 கிராம் நூல் போகிறது. ஒரே உருண்டை போதும் என்று நினைத்தால் கடைசி மணி வரிசையில் அறுந்து நிற்கும். இரண்டு உருண்டையையும் ஒரே நேரத்தில், லேபிளில் ஒரே சாய எண் பார்த்து வாங்க வேண்டும். வேறு சாயத் தொகுதி என்றால் சந்தன நிறத்தில்கூட வரி தெரியும்.

மணி எடுப்பதில் ஒரு விஷயம். 11 நம்பர் மணி 8-ஐவிடச் சின்னது, பார்க்க நயமாக இருக்கும். ஆனால் அதன் துளையில் 20-ஆம் நம்பர் நூல் பத்துக்கு ஆறில்தான் நுழைகிறது, நுழைந்ததும் நகராமல் நூலைப் பிசிறாக்குகிறது. 8 நம்பர் தடையில்லாமல் ஓடும். வாங்கிய அன்றே பத்து மணியைச் சூடான சோப்புத் தண்ணீரில் ஒரு மணி நேரம் போட்டு, வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்க்க வேண்டும். மேல்பூச்சு மணியாக இருந்தால் துணியில் நிறம் ஒட்டும். அதைத் துவைக்கிற பொருளில் வைக்கக் கூடாது.

அளவு

கொட்டானின் அடி சதுரம், வாய் வட்டம். அதனால் ஒரே இடத்தில் அளந்தால் ஏமாந்துபோவோம். இந்தக் கொட்டானின் அடிப்பக்கம் 12 செ.மீ., அடியோரச் சுற்று 48, நடுச்சுற்று 50, வாய்ச்சுற்று 49, உயரம் 11. கணக்குக்கு எடுக்க வேண்டியது மூன்றில் பெரிய அளவு, அதாவது 50. ஒரே அளவு என்று சொல்லி வாங்கிய இரண்டு கொட்டானில்கூட ஒரு செ.மீ. வித்தியாசம் வருகிறது. கையால் முடைந்ததுக்கு அது இயல்பு. எந்தக் கொட்டானுக்கோ அதையேதான் அளக்க வேண்டும்.

அடுத்தது மாதிரித் துண்டு, அதாவது அளவு பார்க்க முதலில் பின்னும் சின்னத் துண்டு. இதைத் தவிர்த்ததுதான் முதல் உறை கெட்டதற்குப் பாதிக் காரணம். வலைப் பின்னலில் ஒரு சதுரம்தான் ஒரு கட்டம். 20 கட்டம் அகலம், 20 வரிசை உயரம் பின்னி அளந்தால் 10 செ.மீ.க்கு 18 கட்டம் வந்தது. அதே துண்டைச் சோப்புப் போட்டு அலசி, நிழலில் காயவைத்து அளந்தால் 10 செ.மீ. இருந்த இடம் 9.6 ஆகிவிட்டது. இப்போது 10 செ.மீ.க்கு 18.7 கட்டம். எல்லாக் கணக்கும் துவைத்த அளவில்தான் போட வேண்டும். வலைப் பின்னல் இழுத்தால் கொடுக்கும் என்பதால் துவைத்த உறையின் சுற்று, கொட்டானின் பெரிய சுற்றைவிட நூற்றுக்கு ஆறு குறைவாக இருக்க வேண்டும். 50-க்கு 47. 47 செ.மீ.க்கு 88 கட்டம்.

முதல் உறையை "மாட்டச் சௌகரியமாக இருக்கட்டும்" என்று 96 கட்டத்தில் போட்டிருந்தேன். துவைத்த பிறகு 51 செ.மீ. கொட்டானைவிட ஒரே ஒரு செ.மீ.தான் அதிகம், ஆனால் அடிச் சதுரத்தின் நான்கு மூலையிலும் மடிப்பு விழுந்து தொங்கியது. அதே உறையில் இன்னும் இரண்டு தவறு. அடியையும் மூடவேண்டும் என்று நடுவிலிருந்து தொடங்கி நான்கு மூலையில் கூட்டிக்கொண்டே போய், இடைவெளி இல்லாத சதுரம் ஒன்று பின்னியிருந்தேன். அதற்கு மட்டும் ஏழு எட்டு கிராம் நூல். கொட்டானைத் தரையில் வைத்தால் அடி சீராகப் படியாமல் ஆடியது, அழுக்கும் முதலில் அங்கேதான் ஏறும். மூன்றாவது தவறைப் பின்னலில் சொல்கிறேன்.

இப்போதைய வடிவத்தில் அடியே கிடையாது. இரண்டு பக்கமும் திறந்த குழாய். கீழ் ஓரத்தில் ஒரு கயிறு கோர்த்துச் சுருக்கினால் உறை அடிக்குக் கீழே 2 செ.மீ. மடிந்து பிடித்துக்கொள்ளும். கயிற்றை அவிழ்த்தால் உறை கையோடு வந்துவிடும், துவைக்கலாம்.

பின்னல்

கண்ணிகளின் (ஊசியால் போடும் ஒவ்வொரு பின்னலின்) பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்வோம். பழைய பிரிட்டிஷ் முறைப் புத்தகங்களில் "டபுள்" என்று இருப்பது இன்றைய வீடியோக்களில் வரும் அமெரிக்க முறையில் "சிங்கிள்". அங்கே "ட்ரெபிள்" என்றால் இங்கே "டபுள்". இரண்டையும் கலந்தால் வரிசையின் உயரம் பாதியாகிவிடும். இங்கே நான் எழுதுவது முழுக்க அமெரிக்க முறைப் பெயர்.

ஒரு காலிக் கட்டம் என்றால் ஒரு டபுள், 2 செயின், கீழ் வரிசையில் இரண்டு கண்ணி விட்டு அடுத்த டபுள். நிறைந்த கட்டத்தில் அந்த 2 செயினுக்குப் பதில் இரண்டு டபுள். ஆக ஒரு கட்டத்துக்கு மூன்று கண்ணி. 88 கட்டத்துக்கு 264 செயின்.

264 செயினை வட்டமாக இணைக்கும்போது எங்காவது ஒரு முறுக்கு விழுந்துவிடும். விழுந்தது நான்கு வரிசை போன பிறகுதான் தெரியும், அப்போது பிரிப்பதைத் தவிர வழியில்லை. அதனால் முதல் வரிசையை நீளவாக்கிலேயே பின்னிவிட்டு, அது பட்டையாக நின்ற பிறகு இரண்டு முனையையும் இணைப்பது நல்லது. செயின் மட்டத்தில் இருக்கும் சின்ன இடைவெளியைத் தொங்கும் நூல்முனையால் தைத்துவிடலாம்.

இனி முதல் உறையின் மூன்றாவது தவறு. வட்டமாக ஒரே திசையில் சுற்றிக்கொண்டே போனால் கண்ணிகள் ஒவ்வொரு வரிசைக்கும் சிறிது ஒரு பக்கம் ஒதுங்கும். வலக்கையால் பின்னுபவர்களுக்கு வலப்பக்கம். 20 வரிசை முடிந்தபோது செங்குத்தாக நிற்க வேண்டிய கோடு கிட்டத்தட்ட மூன்று கட்டம் தள்ளிப் போயிருந்தது. எவ்வளவு இழுத்துக் காயவைத்தாலும் இது நேராகாது. தீர்வு எளிது. ஒவ்வொரு வரிசை முடிவிலும் ஸ்லிப் போட்டு இணைத்து, வேலையைத் திருப்பி, எதிர்த்திசையில் போக வேண்டும். ஒரு வரிசை வலம் சாய்ந்தால் அடுத்தது இடம் சாயும், கோடு நேராக நிற்கும். வரிசை காலிக் கட்டத்தில் தொடங்கினால் 5 செயின், முடிவில் அந்த ஐந்தில் மூன்றாவது செயினில் ஸ்லிப். நிறைந்த கட்டத்தில் தொடங்கினால் 3 செயின்.

மொத்தம் 20 வரிசை. முதல் ஐந்து வெறும் வலை, அதில் நான்கு அடிக்குக் கீழே போய்விடும். 6 முதல் 10 வரை வைரக் கட்டம்: எட்டுக் கட்டத்துக்கு ஒன்று வீதம், நிறைந்த கட்டங்கள் 1, 3, 5, 3, 1. சுற்றிலும் 11 வைரம் வரும். 11, 12 வெறும் வலை. 13 முதல் 17 வரை அதே வைரம், நான்கு கட்டம் தள்ளி, கீழே உள்ளவற்றின் இடைவெளிக்கு நேராக. 18, 19, 20 வெறும் வலை. சொல்ல இவ்வளவுதான், கைவேலை பன்னிரண்டு மணி நேரம். இந்த 20 வரிசைக்கும் மணி கோர்த்த நூலை எடுக்கவே கூடாது. இரண்டாவது உறையில் எல்லா மணியையும் ஆரம்பத்திலேயே கோர்த்துத் தள்ளிக்கொண்டே போனதில் நூலின் பளபளப்புப் போய்ப் பஞ்சு கிளம்பிவிட்டது. வலை முடிந்ததும் நூலை வெட்டிவிட்டு, மணி கோர்த்த நூலைப் புதிதாக இணைப்பதுதான் சரி.

மணி வேலை

கோர்ப்பதற்கு மணி ஊசி தேவையில்லை. மணி ஊசியில் நூல் இரட்டையாக மடியும், மடிந்த நூல் துளையில் நுழையாது. நூலின் நுனியில் 5 செ.மீ. நீளத்துக்கு ஃபெவிகால் தடவி, விரலால் உருட்டி, பத்து நிமிடம் காயவிட்டுச் சாய்வாக வெட்டினால் அதுவே ஊசி மாதிரி விறைப்பாக நிற்கும். சிறு தட்டில் மணியைப் பரப்பி நுனியால் குத்திக் குத்தி எடுக்கலாம்.

வாய்ப்பட்டை சிங்கிளில் வருகிறது. ஒரு கட்டத்துக்கு மூன்று சிங்கிள், சுற்றுக்கு 264. மணி வைக்கும் முறை: ஊசியைக் கண்ணியில் விட்டு நூலை இழுத்தால் ஊசியில் இரண்டு வளையம் இருக்கும். அப்போது ஒரு மணியைப் பின்னலை ஒட்டித் தள்ளி, மணிக்கு அப்பால் உள்ள நூலை ஊசியில் சுற்றி, இரண்டு வளையத்துக்குள்ளும் இழுக்க வேண்டும். மணி எப்போதும் பின்னுகிறவருக்கு மறுபக்கம்தான் உட்காரும். ஆகவே மணி வரிசை பின்னும்போது உறையின் உட்பக்கம் நம்மைப் பார்த்திருக்க வேண்டும். ஏற்கெனவே வரிசைக்கு வரிசை திருப்புவதால் இது தானாகப் பொருந்திவிடுகிறது: உட்பக்கம் நம்மைப் பார்க்கும் வரிசையில் மணி, திருப்பிய வரிசை வெறும் சிங்கிள். வலை முடிந்து திருப்பும்போது எந்தப் பக்கம் வருகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வெளிப்பக்கம் வந்தால் ஒரு வெறும் வரிசை போட்டுத் திருப்பிக்கொள்ளலாம்.

இரண்டாவது உறையில் பட்டை முழுக்க மணியாக இருக்கட்டும் என்று மூன்று வரிசைக்கு ஒவ்வொரு கண்ணியிலும் மணி வைத்தேன், 792 மணி. வாய் ஓரம் பாவாடைக் கொசுவம் மாதிரி அலையலையாக விரிந்துவிட்டது. காரணம் கணக்கிலேயே இருக்கிறது. கண்ணியின் அகலம் 1.8 மி.மீ., 8 நம்பர் மணியின் நீளம் 2 மி.மீ. 264 மணி வரிசையாக நின்றால் 53 செ.மீ. கேட்கும், நூல் பின்னல் 47 செ.மீ.தான் இருக்கிறது. மீதி ஆறு செ.மீ. எங்கே போகும்? அலையாகத்தான் எழும்பும். ஒன்று விட்டு ஒரு கண்ணிக்கு மேல் நெருக்கி மணி வைக்கக் கூடாது.

இப்போதைய பட்டையில் 12 கண்ணிக்கு ஒரு மணி வைரம். முதல் வரிசையில் 6-ஆம் கண்ணியில் மணி. மூன்றாவதில் 5, 7. ஐந்தாவதில் 4, 6, 8. ஏழாவதில் 5, 7. ஒன்பதாவதில் 6. இரட்டைப்படை வரிசைகள் வெறும் சிங்கிள். ஒரு வைரத்துக்கு 9 மணி, சுற்றிலும் 22 வைரம், ஆக 198 மணி. ஐந்தாவது வரிசையின் நடு மணி மட்டும் பச்சை, மற்றதெல்லாம் மெரூன். கடைசியாகக் கோர்த்த மணிதான் முதலில் கைக்கு வரும், அதனால் சிக்கலான கோலம் என்றால் தலைகீழாக எழுதிக் கோர்க்க வேண்டும். இந்த வைரம் இடமும் வலமும் மேலும் கீழும் ஒன்றுபோல் இருப்பதால் அந்தத் தொல்லை இல்லை.

ஒன்பதாவது வரிசைக்குப் பின் ஒரு வெறும் வரிசை. இங்கே மறுபடி நூலை வெட்டி, தொங்கட்டானுக்கு வேறாகக் கோர்க்க வேண்டும்: 4 மெரூன், 1 பச்சை, 4 மெரூன், இப்படி 44 தடவை, 396 மணி. ஒரு சிங்கிள், ஒன்பது மணியையும் ஒட்டித் தள்ளி ஒரு செயின் போட்டு இறுக்கி, ஐந்து கண்ணி விட்டு ஆறாவதில் சிங்கிள். ஆறு கண்ணியின் அகலம் 11 மி.மீ., ஒன்பது மணியின் நீளம் 18 மி.மீ. அந்த உபரிதான் வளைவாகத் தொங்குகிறது. ஐந்து மணி வைத்துப் பார்த்தபோது 10 மி.மீ.தான் வந்தது, வளைவே விழாமல் கோடாக நின்றது. மணி எடைக்கு இந்த ஓரம் தானாக வெளியே மடிந்து கொட்டானின் வாயைச் சுற்றி விழும்.

எண்ணிக்கையில் ஒரு மணி அதிகமாகிவிட்டால் பிரிக்க வேண்டியதில்லை. அந்த மணியின் துளைக்குள் நூலோடு ஒரு மெல்லிய தையல் ஊசியையும் விட்டு, மேலே துணியைப் போர்த்தி, குறடால் நசுக்கினால் மணி உடைந்து போகும். ஊசி உள்ளே இருப்பதால் கண்ணாடி விளிம்பு நூலை வெட்டாது. துணி இல்லாமல் செய்யக் கூடாது, சில்லு கண்ணுக்குத் தெறிக்கும்.

துவைத்தல், படியவைத்தல்

இரண்டாவது உறை செத்தது இங்கேதான். ஈரமாக இருக்கும்போதே கொட்டானில் மாட்டிக் காயவைத்தால் அதே வடிவத்தில் படியும் என்பது யோசனை. வடிவம் நன்றாகவே படிந்தது. ஆனால் ஓலைக்கு ஏற்றிய சிவப்புச் சாயம் ஈரத்தில் கரைந்து, நான்கு மூலையிலும் சந்தன நிற நூலில் ரோஜாத் திட்டாக இறங்கிவிட்டது. எலுமிச்சை, சலவைத் தூள் எதற்கும் அது போகவில்லை. சாயமேற்றிய ஓலை எதுவானாலும் முதலில் ஈரமான வெள்ளைத் துணியால் உள்பக்கத்தில் ஒரு இடத்தைப் பத்து எண்ணும்வரை அழுத்தித் தேய்த்துப் பார்க்க வேண்டும். துணியில் நிறம் வந்தால் அந்தக் கொட்டானுக்கு ஈரமே ஆகாது.

மாற்றுவழி எவர்சில்வர் சம்படம். விட்டம் 16 செ.மீ. இருந்தால் சுற்று 50 வரும். கொஞ்சம் குறைவாக இருந்தால் மேலே துண்டைச் சுற்றி, அதற்கு மேல் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, டேப்பால் அளந்து 50-க்குக் கொண்டுவரலாம். உறையை அலசி, துண்டில் வைத்து ஒற்றி, சம்படத்தில் மாட்டி, கோடுகளைக் கையால் நீவி நேராக்க வேண்டும். சாதாரணக் குண்டூசி குத்தக் கூடாது, ஒரே இரவில் துருப்பொட்டு வைத்துவிடும். சம்படத்தில் உறை தானே இறுகி நிற்பதால் ஊசிக்கு அவசியமும் இல்லை.

விறைப்புக்கு ஜவ்வரிசிக் கஞ்சி. ஒரு மேசைக்கரண்டி ஜவ்வரிசியை 300 மி.லி. தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, கண்ணாடியாகும்வரை காய்ச்சி, வடிகட்டி, இன்னொரு பங்கு தண்ணீர் விட்டுக்கொள்ள வேண்டும். கெட்டியாக முக்கினால் கட்டத்தின் ஓட்டைகளில் ஏடு கட்டும். மணி மேல் ஒட்டிய கஞ்சியை ஈரத்துணியால் அப்போதே துடைக்காவிட்டால் மங்கலாகிவிடும். வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) காற்றோட்டமான நிழலில் ஒரு முழுப் பகலும் இரவும் விட்டேன். தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், மணிக்கு அடியில் ஈரம் நிற்கும். அவசரப்பட்டால் மறுபடி அதே சிவப்புத் திட்டுதான். நெடுநாள் பெட்டியில் வைப்பதானால் கஞ்சியை அலசிவிட்டு வைக்க வேண்டும். கஞ்சி இருக்கும் துணிக்கு ராமபாணப் பூச்சி வரும்.

மாட்டும்போது ஓலையின் வெட்டுமுனைகள் நூலைப் பிடித்து இழுக்கும். கொட்டானைச் சுற்றி ஒரு வழவழப்பான பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, அதன் மேல் உறையை இறக்கி, பிறகு தாளை மேல்பக்கமாக உருவிவிட்டால் ஒரு இழைகூடச் சிக்காது. கீழ் ஓரத்துக்கு 90 செ.மீ. நீளச் செயின் கயிறு, ஒன்று விட்டு ஒரு கட்டத்தில் கோர்த்து அடியில் முடிச்சு. வாய் ஓரத்துக்கும் ஒரு கயிறு பின்னி வைத்திருந்தேன், வேண்டியிருக்கவில்லை. பட்டையின் இறுக்கமே போதும்.

மொத்த நேரம் 20 மணி: வலை 12, மணிப்பட்டை 5, தொங்கட்டான் ஒன்றரை, கோர்ப்பதும் முடிப்பதும் ஒன்றரை.

அடுத்த தடவை 40-ஆம் நம்பர் நூலும் 1 மி.மீ. ஊசியும் 11 நம்பர் மணியும் எடுக்கப்போகிறேன். மாதிரித் துண்டிலிருந்து எல்லாமே புதுக்கணக்கு. 20-ஆம் நம்பரிலேயே வேறு அளவுக் கொட்டானுக்குப் பின்னுகிறவர்கள் எட்டு எட்டாகக் கட்டத்தைக் கூட்டிக் குறைத்தால் போதும், வலை வைரமும் மணி வைரமும் தொங்கட்டானும் மூன்றும் மிச்சமில்லாமல் வகுபடும். பெரிய சுற்று 46 செ.மீ. என்றால் 80 கட்டம், 50-க்கு 88, 55-க்கு 96. தள்ளி வைத்திருந்த முதல் உறையை 55 செ.மீ. கொட்டான் ஒன்றில் மாட்டிப் பார்த்தேன். நான்கு மூலையும் மடிப்பில்லாமல் படிந்தது. கோடுகள் மட்டும் வலப்பக்கம் சாய்ந்தபடியே இருக்கின்றன.